ஒழுங்குக் குவியலில் கரீம் பாட்சாவின் பெயர்

தாராவியில் கரீம் பாட்சாவின் பழைய பிளாஸ்டிக் கிடங்கில் தராசை விடப் பெரிய ஆள் அவருடைய மூக்குதான். ஒரு துண்டை எடுத்து வளைப்பார், தரையில் தட்டி ஓசை கேட்பார், அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் ஓரத்தில் தீக்குச்சி வைத்து மோந்து பார்ப்பார். மெழுகுவர்த்தி வாடை அடித்தால் ஒரு மூட்டை, கண்ணைக் கரித்தால் வேறு மூட்டை. இருபத்திரண்டு வருஷத்தில் கலப்பு மால், அதாவது வகை கலந்த சரக்கு, என்று ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. குர்லாவில் பிளாஸ்டிக் உருக்கும் பட்டறை வைத்திருக்கும் ஷகீல், கரீம் பாட்சா பெயர் எழுதிய மூட்டையைச் சோதிக்காமலே எந்திரத்தில் கொட்டுவார். மனிதருக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு சொத்து கிடையாது.

அந்தப் பெயருக்கு வினை மாட்டுங்காவிலிருந்து வந்தது. ஸ்ரீதேவி என்று ஓர் ஓவியர். ஆனால் ஓவியம் வரைவதை விட்டுப் பல வருஷமாம். இப்போது பொருள்களை வைத்து ஒழுங்கையும் குழப்பத்தையும் ஆராய்கிறாராம்.

"ரெண்டு குவியல் வேணும் பாய். ஒண்ணு ஒழுங்கு, இன்னொண்ணு குழப்பம். நீங்க சிரமப்பட வேண்டாம், நானே பொறுக்கிக்கறேன்."

கரீம் பாட்சா ஒரு மாசம் குந்தியிருந்து வகை பிரித்துக் கட்டிய பத்து மூட்டைகளையும் அந்த அம்மாள் அவிழ்த்துக் கொட்டினார். சிவப்பெல்லாம் ஒரு பக்கம், மஞ்சளெல்லாம் ஒரு பக்கம். கேன் மூடி, அறுந்த செருப்பு, உடைந்த வாளி எல்லாம் நிறம் பார்த்து ஒட்டி உட்கார்ந்தன. ஒழுங்கு தயார். குழப்பத்துக்கு, மூலையில் சிக்கிக் கிடந்த பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை அள்ளிக்கொண்டார். காசு கொடுத்தவர் என்னமும் செய்யட்டும் என்று இவர் இருந்துவிட்டார்.

கோட்டைப் பக்கம் குளிர்சாதன மண்டபத்தில் திறப்பு விழா. கரீம் பாட்சா புதுச் சட்டை போட்டு, மகள் சாதியாவையும் கூட்டிக்கொண்டு போனார். பெருமைக்கு ஷகீலையும் வரச் சொல்லியிருந்தார். 'ஸ்டேஷன்ல இறங்கிட்டேன்' என்று அவர் போன் செய்த நேரத்தில்தான் சாதியா கத்தினாள்.

"வாப்பா, உங்க பேரு போட்டிருக்கு!"

"எங்கன?"

"இங்க. 'ஒழுங்கு'ன்னு பலகை. அதுக்குக் கீழ சீட்டுல, 'பொருளும் பிரிப்பும்: கரீம் பாட்சா, தாராவி'."

அவர் சீட்டையும் வாசலையும் பார்த்தார். நேராக ஸ்ரீதேவியிடம் போனார்.

"மேடம், என் பேர எடுத்துருங்க."

"ஏன் பாய்? மரியாதைக்குத்தானே போட்டேன்."

"மரியாதையா? செருப்பும் கேன் மூடியும் ஒண்ணாக் கெடக்கு. இத உருக்குனா மெஷினே நாறிப் போவும்."

"இதை யாரும் உருக்கப் போறதில்லையே! கலர் எப்படிச் சேர்ந்திருக்கு, பாருங்கோ."

"கலர வச்சு என்ன செய்ய? கடைசில உருக்குறவன் அம்புட்டையும் கறுப்புச் சாயத்துல முக்கிருவான்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் கண்ணில் குழப்பக் குவியல் பட்டது. கிட்டே போய் ஒரு பட்டையை வளைத்துப் பார்த்தார். அத்தனையும் ஒரே வகை, கலப்பே இல்லாத மால்.

"என் பேர இதுல ஒட்டுங்க."

ஸ்ரீதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. "குழப்பம்தான் நீங்கன்னு சொல்றேளா, பாய்!"

"ஆமா, ஆமா. வெரசா ஒட்டுங்க. குர்லாக்காரர் வந்துருவாரு."

அந்தப் பதிலின் முன்பாதியை மட்டும் ஒரு பத்திரிகைக்காரர் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். சீட்டு இடம் மாறியது.

உள்ளே வந்த ஷகீல் ஒழுங்கின் முன்னால் நின்று முகம் சுளித்தார். "எந்தக் கிறுக்கன் மால்வே இது?"

"யாரோ மாட்டுங்கா பார்ட்டி. நம்மது அங்கன இருக்கு."

ஷகீல் குழப்பத்துக்குள் கைவிட்டு ஒரு பட்டையை உருவினார், வளைத்தார், மோந்து பார்த்தார். காவலாளி "ஹாத் மத் லகாவ்!" என்று கைவைப்பதைத் தடுக்க ஓடிவந்தான். இதுவும் நிகழ்ச்சிதான் என்று கூட்டம் கைதட்டியது.

"நல்ல மால்வே," என்றார் ஷகீல். "கூத்து முடிஞ்சதும் அந்தம்மாட்ட பேசி அப்படியே எனக்குத் தள்ளிவிடும். உம்ம பேரு இருக்கே, நான் பிரிச்செல்லாம் பாக்க மாட்டேன்."