அக்கா எழுதிய மூன்றாம் படிக் கணக்கு

அக்கா ஒரு பள்ளியில் மேல்வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். பல வருடமாகத் தற்காலிகம்தான். இந்தத் தேர்வு குறையில்லாமல் முடிந்தால் நிரந்தரமாக்கலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அதற்காகவே வினாத்தாளைத் தானே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டாள். காய்ச்சலில் கிடந்த தன் கணவருக்கு, என் மாமாவுக்கு, நடுநடுவே மாத்திரை கொடுத்துக்கொண்டே எழுதினாள்.

அக்கா கணக்கைப் பின்னாலிருந்து செய்வாள். x-க்கு எந்த எண்களைப் போட்டால் கோவை பூச்சியம் ஆக வேண்டும் என்று முதலில் முடிவு செய்வாள். பிறகு பெருக்கி விரித்து வினாவாக்குவாள். மூன்றாம் படி என்றால் மூன்று பூச்சியங்கள். இரண்டு கலப்பெண்கள், i சேர்ந்தவை, ஜோடியாகவே வரும். மிச்சமுள்ள மெய்யெண் எப்போதும் 1தான். பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடிக்கட்டும் என்பாள்.

சனிக்கிழமை மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அக்காவின் சிவப்புப் பேனா நின்றது.

"என்னக்கா?"

"இந்தப் பொண்ணு x-க்கு ஒண்ணு, மைனஸ் ஒண்ணு, பதிமூணு எல்லாத்தையும் போட்டுப் பாத்திருக்கா. எதுவும் பூச்சியம் ஆகலன்னு எழுதிட்டு விட்டுட்டா. நானும் முட்டை போட்டுட்டேன்."

வினா இதுதான்: x³ − 5x² + 17x + 13. அக்கா ஒரு துண்டுத்தாளில் 1-ஐப் போட்டுப் பார்த்தாள். 26 வந்தது. மறுபடி போட்டாள். அதே 26. கடைசிப் பதிமூன்றுக்கு முன்னால் கழித்தல் குறி வந்திருக்க வேண்டும்.

"அப்ப மத்ததுங்க எப்படிப் போட்டுச்சுங்க?" என்று தனக்கே கேட்டுக்கொண்டாள்.

திருத்திய தாள்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் 1, 2+3i, 2−3i. அவள் நினைத்த விடையேதான்.

"மிஸ் கணக்குன்னா ஒண்ணுதான்னு தெரிஞ்சு வச்சிருக்குங்கடி. வகுத்தா மீதி இருபத்தாறு வந்திருக்கும். அதை முழுங்கிட்டுப் பூச்சியம்னு எழுதியிருக்குங்க."

மாமா கட்டிலிலிருந்து சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கும் மார்க்கைப் போட்டுக் கட்டி வை. யாரு கேக்கப் போறா?"

"அது கேக்காது. அதான் கஷ்டமா இருக்கு."

"நிரந்தரம் ஆனப்புறம் கஷ்டப்படேன்."

நான் வைத்த டீ ஆடை கட்டியது. பிறகு அக்கா போனை எடுத்தாள்.

"மேடம், ஒரு வினா தப்பு... இல்ல மேடம், அச்சுல இல்ல, நான் எழுதினதுதான்... எல்லாருக்கும் முழு மார்க்கா? சரிங்க மேடம்." வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "புரியுது மேடம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்தப் பெண்ணின் தாளில் முட்டையை அடித்து முழு மதிப்பெண் போட்டாள். மற்றவர்களின் மதிப்பெண்ணைத் தொடவில்லை. அவர்கள் மீதியில் எழுதியிருந்த பூச்சியத்தைச் சுழித்து, பக்கத்தில் 26 என்று எழுத ஆரம்பித்தாள்.

நான் ஒவ்வொரு தாளாக அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். விடைத்தாள் கட்டு பாதிகூட முடியவில்லை. அவள் பேனாவை வைத்துவிட்டு விரல்களை உதறினாள், மறுபடி எடுத்தாள்.