நான்காவது எதிர்முத்திரை

இதில் ஒரு வரிகூட என் கைச்சரக்கு இல்லை. கதை விடுகிறவனாக இருந்தால் இதைவிட நல்ல பேயாகப் பிடித்திருப்பேன். சம்பவம் நடந்தபோது அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சொன்னார், எழுதுகிறேன். இன்னொருவர் என் அத்தான். அவரைக் கேட்க முடியாது.

அத்தானுக்கும் கற்பனைக்கும் ஏழாம் பொருத்தம். லீவு லெட்டரைக்கூடப் போன வருடத்து லெட்டரைப் பார்த்துத்தான் எழுதுவார். அருங்காட்சியகத்தில் நாணயப் பதிவேடு அவர் பொறுப்பு. வருடாந்திரச் சரிபார்ப்பில் அவர் வாசிப்பார். ‘தராசு’ என்று எல்லாரும் கூப்பிடும் உதவியாளர் காசை நிறுத்துப் பார்த்து ‘சரி’ என்பார். தப்பு இருந்தால் சிவப்பு மையில் அடித்து, திருத்தி, சுருக்கொப்பம். அத்தானுக்கு இருந்த ஒரே போதை அது.

பிற்பகல் 2.10. ஜன்னல் இல்லாத அறை.

“நானூத்திப் பதினேழு. ரோம மாகாண வெண்கலக் காசு. பதினொண்ணு புள்ளி நாலு ரெண்டு கிராம்.”

“சரி.”

“எதிர்முத்திரை மூணு.”

பழைய காசு இன்னும் செல்லும் என்று காட்ட அதன்மேல் அடிக்கும் குட்டி அச்சுதான் எதிர்முத்திரை. இதில் ஒவ்வொன்றும் மிளகளவு தலை.

“நாலு இருக்கு சார்.”

“கண்ணைத் துடைச்சிட்டு எண்ணுங்க.”

“துடைச்சிட்டேன். நாலு.”

பதிவேட்டில் ‘ஒன்று’ அடிக்கப்பட்டு ‘இரண்டு’. அதுவும் அடிக்கப்பட்டு ‘மூன்று’. மூன்று பேர் கையெழுத்து. முன்னால் இருந்தவருக்கு எண்ணத் தெரியாது என்றே ஒவ்வொருவரும் முடிவு கட்டியிருந்தார்கள். அத்தானும் அப்படியே முணுமுணுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

மூன்றாவது தலை மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது.

“பழைய சார் மாதிரியே...” என்றார் தராசு. அத்தானுக்கு முன் பதிவேடு பார்த்தவர். ‘மூன்று’ என்று திருத்தியவர்.

காசு முழுக்கப் பச்சைக் களிம்பு. நான்காவது மட்டும் புதுசாகப் பளபளத்தது. முகம் இல்லை. வெறும் உருண்டை.

2.17.

டக்.

சுத்தியல் சத்தம். யாரும் தொடவில்லை. தராசுத் தட்டு ஆடியது...

மூக்கு வந்தது.

டக்.

காது. மேல்நுனி இல்லாத காது.

அத்தானின் கை தன் வலது காதுக்குப் போனது. சின்ன வயதில் நாய் கடித்த காது.

“எழுதாதீங்க சார். பூட்டிடலாம்.”

“நாலு இருக்கே...”

“சார்!”

“இருக்கிறதை எப்படிய்யா இல்லைன்னு விடறது?”

2.31. அடித்தார். திருத்தினார். சுருக்கொப்பம்.

5.40க்கு வீட்டுக்கு வந்தார். “சாப்பாடு போடு, தூக்கமா வருது” என்றார். படுத்தவர் எழவில்லை.

பிறகுதான் பழைய கோப்புகளைப் பார்த்தார்கள். ‘இரண்டு’ எழுதியவரும் ‘மூன்று’ எழுதியவரும் திருத்திய அன்றே இறந்திருந்தார்கள்.

வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. நான் படிக்கிறவன். அத்தான் வேலையை அக்காவுக்குக் கொடுத்தார்கள். அதே அறை. அந்தக் காசைத் தொடாதே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “போடா லூசு” என்றாள்.

இன்று சரிபார்ப்பு. 2.20க்குத் தராசு போன் செய்தார்.

“தம்பி... அஞ்சு இருக்கு. அஞ்சாவதுக்குக் கொண்டை.”

“அக்காவைத் திருத்த விடாதீங்க!”

“விடல. பேனாவைப் பிடுங்கிட்டேன்.”

“அப்புறம்?”

“ஏற்கெனவே திருத்தியிருக்கு தம்பி. இன்னைக்குத் தேதி போட்டு...”

“யாரு?”

“உங்க அத்தான் கையெழுத்து.”

மணி 5.40. அக்கா வந்துவிட்டாள். கொண்டையை அவிழ்த்தபடி என்னைப் பார்த்தாள்.

“சாப்பாடு போடுடா. தூக்கமா வருது.”