கர்த்தருக்குக் கெடு வைத்தவர்

என் வீட்டுக்காரர் பாக்கியராஜுக்குக் கர்த்தர் மேல் அபார விசுவாசம். எவ்வளவு என்றால், எந்தக் காரியத்தை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று கர்த்தருக்கே அவர்தான் சொல்லிக் கொடுப்பார். பாவம், கர்த்தருக்கு என்ன தெரியும்?

காரியம் ஒன்றே ஒன்றுதான். தேர்வாய் கண்டிகையில் லாரிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாக அவர் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆக வேண்டும். சாம்பல் நிறச் சட்டை போய் நீலச் சட்டை வர வேண்டும். நாற்பது வயது தாண்டிவிட்டால் கம்பெனி எடுக்காது. அவருக்கு அப்போது முப்பத்தொன்பது வயது.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லலாம். இவர் மட்டும் கர்த்தர் இன்னும் செய்யாததைச் சொல்லுவார். "ஈஸ்டருக்குள்ள நான் பர்மனென்டு. விசுவாசத்துல இப்பவே சாட்சி சொல்லிக்கிறேன், ஸ்தோத்திரம்!" ஈஸ்டர் போகும். மறுபடி எழுந்து, பெரிய மனதோடு, கிறிஸ்துமஸ் வரைக்கும் கர்த்தருக்கு டைம் கொடுப்பார்.

புது வருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க அதுதான் நமக்கு. இவர் எடுத்தார். பொறுத்திருக்கச் சொல்லும் வசனம். பின்னால் நான் நிற்பது தெரியாமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மெதுவாக அடியில் செருகிவிட்டு இன்னொன்று எடுத்தார். அதிலும் காத்திருக்கச் சொல்லியிருந்தது. மூன்றாவது வசனத்தில் ஒரு வாசல் திறந்தது. முகம் மலர்ந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜில் ஒட்டினார்.

"கர்த்தர் பேசிட்டாரு ஞானம்!" என்றார் என்னிடம்.

"ஆமா, மூணு வாட்டி பேசனாரு. மொத ரெண்டு வாட்டி உனுக்குக் காது கேக்கல."

ஜூலை மாதம் கம்பெனியில் பர்மனென்ட் ஆக்க லிஸ்ட் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. வேறொருவராக இருந்தால் ஒழுங்காக வேலைக்குப் போயிருப்பார். இவர் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு உபவாச ஜெபத்துக்குப் போனார். எங்கள் பாஸ்டர் அன்புசெல்வன் ஜெப நாளில் போன்களை எல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போடச் சொல்லிவிடுவார். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, தண்ணீர்கூடக் குடிக்காமல், பர்மனென்ட் ஆக்கும் ஆண்டவரே என்று என் வீட்டுக்காரர் முழங்காலில் நின்றார். அதே ஒன்பதிலிருந்து நான்கு வரை கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். வந்தவனுக்கு மெடிக்கல், கையெழுத்து, முடிந்தது. சூப்பர்வைசர் பரசுராமன் பதினான்கு தடவை போன் அடித்திருக்கிறார். வாளி எடுத்துப் பேசவா போகிறது?

சிரிக்காதீர்கள். நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நான்கு ஞாயிறு அவர் சபைப் பக்கமே போகவில்லை. "நான் ஒம்போது மணிக்கெல்லாம் அவரு முன்னாடிதான குந்தினு இருந்தேன்? அவருக்குத் தெரியாதா?" என்று சோற்றுத் தட்டைப் பார்த்துக் கத்தினார். எனக்கும் பொறுக்கவில்லை.

"யோவ், புதுசா வர்ற பசங்ககிட்ட இன்னா சொல்லுவ? ரப்பரு வேவறதுக்கு ஏழு நிமிசம், நடுவுல மோல்டத் தொறந்தா மொத்தமும் வேஸ்டுன்னு திட்டுவ இல்ல? கர்த்தரு கைல குடுத்தத மட்டும் நிமிசத்துக்கு ஒருவாட்டி தொறந்து தொறந்து பாக்கற. பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஐந்தாவது ஞாயிறு, நான் கூப்பிடாமலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாட்சி நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. சபையே நிம்மதியாக மூச்சு விட்டது. ஜனவரியில் ஒரே ஒரு அட்டைதான் எடுத்தார். அதே காத்திருக்கச் சொல்லும் வசனம். அதைத்தான் பிரிட்ஜில் ஒட்டினார்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி நாற்பது முடிந்தது. கேசரி செய்தேன். இரண்டு பேரும் லிஸ்ட் பற்றிப் பேசவே இல்லை. பன்னிரண்டாவது நாள் லிஸ்ட் வந்தது. பன்னிரண்டே நாள்! இவர் கையைப் பிடித்து மெஷின் ஓட்டப் பழக்கிய கோபாலுக்கு நீலச் சட்டை. இவர் அவனுக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றார். அடுத்த கெடுவா என்று நினைத்தேன். பாஸ்டரும் மைக்கை அரை மனதோடுதான் நீட்டினார்.

"பதினொரு வருசமா நான் கர்த்தருக்குத் தேதி குடுத்துக்கினு இருந்தேன். நாப்பதோட என் கணக்கு முடிஞ்சிச்சி. அவரு கணக்கு இன்னான்னு எனக்குத் தெரியாது. தெரியலன்னாலும் பரவால்ல, அவருகூடவே இருக்கேன். வேலைக்கும் போய்க்கினுதான் இருக்கேன். ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார். எதையும் கேட்காமல் அவர் சொன்ன முதல் சாட்சி அதுதான்.

மறுநாள் காலை நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, சாம்பல் சட்டையை மாட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கம்பெனி பஸ்ஸுக்குப் போனார். அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான். கதவைச் சாத்தியதும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பதினோரு வருடம் அவரைக் கிண்டல் செய்தவள், பிரிட்ஜ் முன்னால் முழங்காலில் விழுந்தேன்.

ஆண்டவரே, அவருக்குப் பொறுமை கொடுத்துவிட்டீர், சரி. எனக்குக் கொடுக்கவில்லை. அந்த மனுசனுக்கு ஏதாவது செய்யும். ஈஸ்டருக்குள் செய்யும்.