அனுமதி இல்லாமல்

அம்மாவின் குரல் செய்தி போனில் வந்து விழுந்தபோது நான் குக்கருக்கு வெயிட் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தினமும் காலையில் ஒன்று அனுப்புவாள். டைப் அடிக்கத் தெரியாது. மைக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மைசூருக்கே நேராகக் கேட்க வேண்டும் என்பதுபோலக் கத்துவாள். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்குள் காலிங்பெல் அடித்தது.

சாதாரண உடையில் மூன்று பேர். சைபர் போலீஸ் என்றார்கள். ஒருவர் ஒரு நம்பரைச் சொல்லி, "ஈ நம்பர் யாரதம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"நன்னது" என்றேன். என்னுடையதை என்னுடையது என்றுதானே சொல்ல முடியும்?

அந்த நம்பரின் இன்டர்நெட் வழியாக யாரோ ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்திருக்கிறார்களாம். எனக்கு ஏடிஎம்மில் பணம் எடுக்கவே பின்னால் நிற்பவரின் தயவு வேண்டும். நான் விழித்துக்கொண்டு நிற்க, என்னோடு தங்கியிருந்த தம்பி வாயில் பிரஷ்ஷோடு வந்தான்.

"அக்கா இல்ல சார். நான்தான்" என்றான். நுரை சட்டையில் ஒழுகியது.

அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு நின்றவன் அவன். பழைய பாஸ்வேர்டு இன்னும் திறக்கிறதா என்று என் போனின் ஹாட்ஸ்பாட்டில் பார்த்திருக்கிறான். திறந்திருக்கிறது. உள்ளே போய் ஒரு சிநேகிதனுக்கு அட்டெண்டன்ஸைக் கூட்டிவிட்டு வந்திருக்கிறான். "சும்னே பாத்தேன்க்கா" என்றான் என்னிடம். அவன் தமிழில் பாதி கன்னடம். பார்க்க அங்கே என்னடா இருக்கிறது, தசரா லைட்டா?

அவன் லேப்டாப்பையும் என் போனையும் கவரில் போட்டு அரக்கு வைத்து, அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவின் செய்தி கேட்கப்படாமல் அதற்குள் போனது. குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. அணைக்கத் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அழுகை வந்தால் நல்லது என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. சாதம் அடிப்பிடித்திருந்தது. அதையே சாப்பிட்டேன்.

ஜாமீன் விசாரணைக்கு அம்மா பஸ் ஏறி வந்தாள். அவளுக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் கன்னடம். கோர்ட்டில் வாதாடியதெல்லாம் கன்னடம். அரசு வக்கீல் திரும்பத் திரும்ப "அனுமதி இல்லதெ, அனுமதி இல்லதெ" என்றார். அம்மா என் முந்தானையை இழுத்தாள்.

"அனுமதின்னாரே! விட்டுட்டாங்களாடி?"

"அனுமதி இல்லாம உள்ள போனான்னு சொல்றாரும்மா."

"இவனென்ன சுவரேறியா குதிச்சான்? வீட்லதானே உக்காந்திருந்தான்?"

அன்று வெளியே டீ குடிக்கும்போது, அந்தக் காலையில் என்ன பேசி அனுப்பினாய் என்று கேட்டேன். "என்னமோ பேசினேன், போ. இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள். தம்பிக்கு ஜாமீன் வேறொரு நாள்தான் கிடைத்தது.

பிறகு வாய்தா மேல் வாய்தா. நடுவில் அம்மாவின் போன் படித்துறையில் கை நழுவி ஆற்றோடு போனது. அடுத்த மழைக்காலத்தில் அம்மாவும் போனாள், தூக்கத்திலேயே. எல்லா வேலையையும் நான்தான் ஓடியாடிச் செய்தேன். கல் மாதிரி இருக்கிறாளே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும். நான் வாங்கிய புது போனில் அம்மாவின் பழைய பேச்சு ஒன்றுகூட வரவில்லை; அந்தக் காலைக்குப் பிறகு அவள் பேசி அனுப்பவும் இல்லை. அவள் குரல் உலகத்தில் மிச்சமிருந்தது, கோர்ட்டில் கிடந்த அந்தக் கவருக்குள் மட்டும்தான்.

கடைசியில் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டு, முன்பே உள்ளே இருந்த நாட்களே தண்டனை என்று முடித்தார்கள். லேப்டாப் அரசாங்கத்துக்குப் போயிற்று. போன் என் கைக்கு வந்தது. கம்ப்யூட்டர் வேலை எவனும் கொடுக்கவில்லை. தேவராஜ மார்க்கெட்டில் ஒரு வாழைப்பழக் கடையில் நிற்கிறான். போனைத் தொடுவதென்றாலே அவனுக்குக் கை பின்னால் போகிறது.

சார்ஜ் ஏற்றியதும் என் போன் பூட்டு எண் கேட்டது. விரலை வைத்தேன், எண்தான் வேண்டும் என்றது. அந்த எண்ணை வைத்ததே அவன்தான். முன்பெல்லாம் போன் எப்போதாவது எண் கேட்டால் அவனிடம் நீட்டுவேன், போட்டுக் கொடுப்பான். இப்போதும் நீட்டினேன். வாங்கவில்லை.

"சொல்லுக்கா" என்றான்.

"என்னத்தைச் சொல்ல?"

"அனுமதி தர்றேன்னு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கழுத, என் போன்டா இது!"

"இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்லு."

"தர்றேன்டா. அனுமதி தர்றேன். திற."

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எண்ணைப் போட்டான். திறந்தது. உடனே என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். அம்மாவின் கடைசிச் செய்தியை அமுக்கினேன்.

"ஏண்டி, எந்திரிச்சியா? பஸ்ல ஒரு பை குடுத்து விட்டிருக்கேன், கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்கேன். தம்பிக்குக் கோடுபளே முறுக்கு சுட்டேன். நொறுங்கிடும், மேல எதையும் வெச்சிடாதே. மறக்காம பஸ் ஸ்டாண்டு போய் வாங்கிக்கோ."

அன்று பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் போகவில்லை. அம்மா அதைப் பற்றி எங்களிடம் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

"அந்தப் பை என்னாச்சுக்கா?" என்றான் தம்பி.