அண்ணி கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு

நோயாளியைப் பார்க்க ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1963 ஆடி மாதம் மதுரையிலிருந்து ஸ்ரீரங்கம் போனேன். பெரியப்பா மகன் வரதன் அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய். இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ‘ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க’ என்று கோமதி அண்ணி கார்டு போட்டிருந்தார்கள். நான் அப்போது வக்கீல் தொழிலுக்கு வந்து எட்டு மாதம். தனியாக ஒரு கேஸ்கூட நடத்தியதில்லை.

காலை ஆறு மணி பாசஞ்சர். திண்டுக்கல்லில் காபி, மணப்பாறையில் முறுக்கு. திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது பதினொன்றரை. அங்கிருந்து ஸ்ரீரங்கம் ஒன்பது கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் இருபது காசு, முக்கால் மணி நேரம்.

“இடப்பக்கம் உக்காருங்க சார், ஆத்துல தண்ணி நல்லாத் தெரியும்” என்றார் கண்டக்டர். காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. வந்த காரியத்தை மறந்து ரசித்தேன்.

அண்ணன் ரயில்வே பட்டறையில் பிட்டர். அவர் ஒற்றைக் கையால் இரும்புச் சட்டத்தைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார்.

“டேய், நீயாவது அவகிட்ட சொல்லுடா. அந்த பாட்டில் முழுசையும் வாயில ஊத்தச் சொல்லு. போதும்டா எனக்கு.”

போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

அண்ணி என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டார்கள். கையில் அபின் கலந்த வலி மருந்து.

“முழுசா ஊத்த என்னால முடியாது தம்பி, அத விடுங்க. வலி தாங்கலேன்னா இன்னொரு ஸ்பூன் சேத்துக் கொடுக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. அப்படிக் கொடுத்து, தூக்கத்துலயே போயிட்டாருன்னா, அது கொலையா? நீங்க சட்டம் படிச்சவங்க, சொல்லுங்க.”

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“சாகிறவர் சம்மதிச்சாலும் உயிரை எடுக்கிறது குற்றம்தான் அண்ணி. தண்டனை குறையலாம், அவ்வளவுதான். தற்கொலைக்குத் துணை போனாலே பத்து வருஷம் வரைக்கும் ஜெயில்.”

அண்ணி தலையாட்டினார்கள். மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலை மேல்தட்டில் வைத்தார்கள்.

நான் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. ஆனால் அது அண்ணன் கேட்டதற்கான பதில். டாக்டர் சொன்ன அளவில், நல்லெண்ணத்தோடு, வலி தீர மருந்து கொடுப்பது கொலையாகாது. அண்ணி கேட்டது அதைத்தான். மதுரைக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் புத்தகத்தைப் புரட்டினேன். உடனே கடிதம் போட்டிருக்கலாம். சொன்னதை மாற்றிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது வாரம் தந்தி வந்தது.

காரியம் முடிந்த அன்று மேல்தட்டில் அந்த பாட்டிலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் மருந்து இருந்தது.

“இவ்வளவு மிச்சமா அண்ணி?”

“நீங்க சொன்னதுலேர்ந்து பயம் தம்பி. அரை ஸ்பூனுக்கு மேல கொடுக்கல. அவரு கத்துவாரு. நான் காதைப் பொத்திக்கிட்டு கொல்லைப்பக்கம் போய் நிப்பேன்.”

அண்ணி என்மேல் குறை சொல்லவில்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கொடுத்திருக்கலாமே என்று ஆயுசுக்கும் வருந்துவார்களே, அதனால்தான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணியும் போய் வெகுகாலமாகிறது.

வலியில் துடிப்பவர் சாவைக் கேட்டால் கொடுக்கலாமா? நாற்பது வருஷம் கோர்ட்டுக்குப் போய்வந்தும் எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் வலி தீர மருந்து கொடுக்க யாரும் பயப்படக் கூடாது. சந்தேகம் இருந்தால் வைத்தியம் பார்க்கும் டாக்டரைக் கேளுங்கள். பார்க்கப் போகிறவர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

அந்த டாக்டர் வீடு அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நடந்தால் ஏழு நிமிடம். அண்ணி கேட்ட அன்றைக்கு என் ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.