மனைவியின் கம்ப்யூட்டரில் என் பென் டிரைவ்

லீவு முடிய இன்னும் ஒரு வாரம்தான். குவைத் ஆபீசுக்கு அனுப்பவேண்டிய ரிப்போர்ட்டை முடித்துவிடலாம் என்று இன்று காலை மனைவியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

இரணியலில், வீட்டு முன்னறையிலேயே டைப்பிங் வேலை எடுத்துச் செய்கிறவள் அவள். பென் டிரைவைச் சொருகியதும் பின்னால் வந்து நின்றாள்.

"இதுல புதுசா சாப்ட்வேர் ஒண்ணும் ஏத்தப்பிடாது, கேட்டியளா?"

"ஏத்தல ஏட்டி. இது லேடெக்கு. ரிப்போர்ட்ட புஸ்தகம் மாதிரி அழகா அடுக்கித் தரும். முழுசும் பென் டிரைவுக்குள்ளயே இருக்கு, அங்க இருந்தே ஓடும்."

"அப்ப என் கம்ப்யூட்டர்ல இல்லியா?"

"இல்ல."

"பின்ன இந்தா ஓடுறது என்னது?"

எனக்கே குழம்பிவிட்டது.

"இதுலதான் ஓடும். ஆனா இதுல இருக்காது."

"பென் டிரைவ உருவிட்டா?"

"வந்துட்டுப் போன அடையாளமே இருக்காது" என்றேன், பெருமையாக.

அவள் என்னைப் பார்த்தாள். மூலையில் என் பயணத்துக்காகப் பாதி கட்டிவைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

"ஒங்கள மாதிரின்னு சொல்லுங்க."

மீன் கழுவப் போய்விட்டாள்.

கோபமா, கிண்டலா? இந்த நேரம்வரை விளங்கவில்லை. ரிப்போர்ட்டும் அப்படியே கிடக்கிறது.

லேடெக்கில் தப்பு செய்தால் எந்த வரியில் என்பதையாவது அது காட்டிக்கொடுக்கும். நான் எந்த வரியில் தப்பு செய்தேன் மக்கா? கல்ஃப்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.