மாடி மாமாவுக்கு ஒரு நாள் லீவு

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு அம்மா அவ்வளவு லேசில் ஆள் வைக்கமாட்டாள். கேள்வி மேல் கேள்வி கேட்டு, வந்தவர்களைப் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். பம்பாயிலிருந்து மதுரைக்கு மாற்றலாகி வந்த அந்த ஒண்டிக்கட்டை மனிதர் மட்டும் தப்பித்தார். வெயிலில் வந்தவர் தண்ணீர் கேட்கும்போது வாய்தவறி ‘பாணி’ என்றார். சௌராஷ்டிரக் குடும்பமான எங்கள் வீட்டிலும் தண்ணீருக்கு அதுதான் சொல். மராத்தி பேசுகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. நம்ம ஆள் என்று சாவியைக் கொடுத்துவிட்டாள்.

நம்ம ஆள் இல்லை, யூதர் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. யூதர் என்றால் யார் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாததால் ஆட்சேபம் எதுவும் எழவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. படிப்பென்றால் வேப்பங்காய். மாடி மாமாவோ (அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன்) தினமும் விடிந்ததும் ஒரு பெரிய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி ராகம் போட்டுப் படிப்பார். நடுநடுவே, எதிரில் யாரோ உட்கார்ந்து மறுத்துப் பேசுகிற மாதிரி, கட்டைவிரலை ஆட்டி ஆட்டி வாதம் செய்வார். தல்மூத் என்று பெயர் சொன்னார். அவர்களுடைய வேதத்துக்குப் பெரியவர்கள் சொன்ன விளக்கங்களும், அதற்காகத் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டைகளும் அதில் இருக்கின்றனவாம். ஒரு நாளைக்கு ஒரு தாள். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் சேர்ந்து படிக்கிற எல்லோருக்கும் அன்றைக்கு அதே தாள்தான். அவர் ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாள்கூட விட்டதில்லை. முழுக்க முடிக்க ஏழரை வருஷம் ஆகுமாம்.

“ஏழரையா?” என்று அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். சனி பிடித்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு என்று அவள் அறிந்திருந்தாள்.

நான் வேறொரு முடிவுக்கு வந்திருந்தேன். வேலைக்குப் போன பிறகும் ஒருவர் தினமும் எழுந்து படிக்கிறார் என்றால் எதிலோ பெயிலாகியிருக்கிறார். வெளியே சொல்ல வெட்கம். எனக்கு அவர்மேல் சொல்லமுடியாத பரிதாபம்.

சரஸ்வதி பூஜை வந்தது. என்னைப் பொறுத்தவரை வருஷத்தில் அதைவிட நல்ல நாள் கிடையாது. புத்தகங்களைப் பூஜையில் அடுக்கிவிட்டால் மறுநாள் விஜயதசமியன்று காலையில் எடுக்கும்வரை யாரும் படிக்கக்கூடாது. முதல் ஆளாக என் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய் வைத்தேன். ஊருக்கே லீவாக இருக்க, மாடி மாமாவுக்கு மட்டும் லீவில்லை என்பது அப்போதுதான் என் மனதில் உறுத்தியது. ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று அவர் இருட்டோடு கிளம்பி கீழக்குயில்குடிக்குச் சமணர் மலை பார்க்கப் போயிருந்தார். சாவி எங்களிடம் இருந்தது.

புத்தகம் நல்ல கனம். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து, “மாமா பூசைல வைக்கச் சொன்னாருமா” என்று கூசாமல் பொய் சொன்னேன். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இருப்பதிலேயே பெரிய புத்தகம் என்பதால் அதை அடியில் வைத்து, அதன்மேல் அண்ணனின் ப்ளஸ் டூ புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டுப் பட்டுத்துணியால் மூடினாள்.

சாயங்காலம் மாமா திரும்பி வந்தார். மாடியில் பெட்டியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் கட்டிலை. பிறகு அவரே இறங்கி வந்தார்.

“அக்கா, என் புக் பாத்தீங்களா?”

“நீங்கதானே தம்பி குடுத்துவிட்டீங்க? பூசைல இருக்கு.”

அவர் பூஜை அறை வாசல்வரை வந்தார். உள்ளே பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். குளிக்காமல் வந்ததால் தயங்குகிறார் என்று நினைத்தேன். வேறொரு தெய்வத்தின் முன்னால் அந்தப் புத்தகம் பொட்டு வைத்துக்கொண்டு இருப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று உறைக்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

“இன்னைக்குப் பக்கம் இன்னும் படிக்கல அக்கா. இருட்டிட்டா எங்களுக்கு நாள் முடிஞ்சிடும்.”

அம்மா தவித்துப்போனாள். “நாளைக்குக் காலைலதான் தம்பி எடுக்கணும். மூத்தவனுக்கு இந்த வருசம் பரீச்சை. நடுவுல கலைச்சா ஆகாதும்பாங்க.”

“பரவால்ல அக்கா” என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார். அம்மா என் பக்கம் திரும்பினாள். “அவருக்கும் ஒரு நாள் லீவு கெடைக்கட்டும்னுதாம்மா” என்று அழுதேன். ஓங்கிய கையை, நல்ல நாளாயிற்றே என்று இறக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ராகம் கேட்டது. கையில் புத்தகம் இல்லாமல், நினைவில் இருந்ததைச் சொல்லிப் பார்க்கிறார். நாலு அடி போகும், நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. அதே இடத்தில் மறுபடியும் நின்றது. சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்தாள். பூஜை அறைக்குள் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு பட்டுத்துணியை விலக்கினாள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, என் கணக்கு என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, அடியிலிருந்த புத்தகத்தை எடுத்துச் சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள்.

குடிவைத்த பிறகு மாடிக்குப் போகும் வழக்கமே இல்லாதவள் அன்று தானே ஏறிப்போனாள். “இந்தாங்க தம்பி. சட்டுனு படிங்க, பொழுது போகுது.”

அவர் புத்தகத்தை வாங்கி முத்தமிட்டார். மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். அம்மா படிக்கட்டிலேயே நின்றாள். சிம்மக்கல் பக்கம் யாரோ வெடி போட்டார்கள், கீழே சுண்டல் ஆறியது, அவள் நகரவில்லை. வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே அவர் புத்தகத்தை மூடினார்.

மறுநாள் மத்தியானம் மாமா கீழே வந்தார். அம்மா, சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சுங்குடிச் சேலையில் போடுகிற முடிச்சுகளைக் கூலிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை எடுத்த காரணத்தைச் சொன்னதும் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இன்னும் எத்தன வருசம் பாக்கி?”

“அஞ்சு இருக்கு பாப்பா.”

“அப்புறம்?”

“அப்புறம் மறுபடி மொதல் பக்கம்!” என்றார், விருந்துக்குக் கூப்பிட்டவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் படியேறிப் போனதும் அம்மாவிடம் ஓடினேன். அம்புட்டையும் படிச்சு முடிச்சாலும் அவருக்கு விடிவே இல்லையாம் என்று முறையிட்டேன். எட்டாவதில் வகுப்பிலேயே முதலாவதாக இருந்தபோதுதான் அம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, முடிச்சுப் போட வீட்டில் உட்காரவைத்தார்கள் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அவள் கையிலிருந்த துணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“குடுத்து வச்ச மனுசன்” என்றாள்.

இவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது என்று எனக்கு அன்று முழுக்க அம்மாவின்மேல் கோபமாக இருந்தது.